அழுக்குத் தண்ணீருக்குச் சர்க்கரை

அழுக்கான தண்ணீரில் சர்க்கரையைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று சொன்னால் எளிதில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கடல்நீர்த் தொட்டியில் மீனும் பவளமும் வளர்ப்பவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்துவருகிறார்கள். இறால் வளர்ப்பவர்கள் அதற்கும் முன்பிருந்தே செய்கிறார்கள். வோட்கா, வினிகர், சர்க்கரை, வெல்லம், மொலாசஸ், தவிடு என்று போடும் பொருள் மாறுகிறதே தவிர நடக்கிற வேலை ஒன்றுதான். தொட்டிக்காரர்கள் இதைக் கார்பன் டோசிங் என்கிறார்கள். குட்டைக்காரர்களுக்கு இது பயோஃப்ளாக்.

இந்த முறை புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் கொடுப்பதால் கழிவு அழிவதில்லை. தண்ணீரில் கரைந்துகிடக்கும் கழிவு பாக்டீரியாவின் உடம்பாக மாறுகிறது, அவ்வளவுதான். அந்த உடம்பை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும், அது மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டும் இருந்தால் பலன் உண்டு. ஒன்று குறைந்தாலும் தொட்டியே போய்விடும்.

வில்லியனூர் கொம்யூனுக்குக் கடற்கரை கிடையாது. பாகூர் கொம்யூனுக்கு மூர்த்திக்குப்பம், பனித்திட்டு என்று மீனவர் ஊர்கள் உண்டு. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது குடத்தில் மொண்டுவந்து தொட்டியில் ஊற்றினால் என்ன என்று தோன்றும். தென்பெண்ணையும் சுண்ணாம்பாறும் கடலில் கலக்கிற கரை இது. மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்து, மண்ணும் வயல்வெளியிலிருந்து வடிந்த உரமும் கலந்திருக்கும். அதனால் பெரும்பாலானவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்தே தொட்டியை நிரப்புகிறார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 400 லிட்டர் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினால் 2.8 கிலோ உப்பு செலவு. வாரா வாரம் அதைச் செய்ய முடியாதபோதுதான் கார்பன் என்கிற குறுக்குவழி கண்ணில் படுகிறது.

தொட்டிக்குள் நடப்பது இதுதான். மீனுக்குப் போடும் தீவனத்தில் புரதம் இருக்கிறது, புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதில் ஒரு பகுதியை உடம்பில் வைத்துக்கொண்டு மீதியை அம்மோனியாவாக வெளியே விடுகிறது. பாறையிலும் மணலிலும் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. இவை மெதுவாக வளர்பவை, சர்க்கரை எதுவும் கேட்காதவை. நைட்ரேட்டுடன் இவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. காற்றோட்டமான தொட்டியில் அதற்கப்பால் அதைக் கரைப்பார் இல்லாததால் நைட்ரேட் நாளுக்கு நாள் சேர்கிறது. தீவனத்தில் வரும் பாஸ்பேட்டும் கூடவே சேர்கிறது. பாசி பிடிக்கிறது, பவளம் பழுப்பேறுகிறது.

இன்னொரு வகை பாக்டீரியா உண்டு. நம்மைப்போல ஆயத்தமான கரிமப் பொருளைத் தின்று வாழ்பவை. தொட்டித் தண்ணீரில் இவற்றுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைக்கும், கார்பன்தான் போதாது. அதைக் கொடுத்துவிட்டால் கிடுகிடுவென்று பெருகும். பெருகும்போது தன் உடம்பைக் கட்டுவதற்கு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு உடம்பு? எபெலிங், டிம்மன்ஸ், பிசோக்னி ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட கணக்கு மீன்வளர்ப்புத் துறையில் இன்றும் புழங்குகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும் முதல்வகை பாக்டீரியா சேர்த்துக்கொள்ளும் உடல் எடை வெறும் 0.2 கிராம். அதே ஒரு கிராமைச் சர்க்கரை தின்னும் இரண்டாம் வகை விழுங்கினால் உண்டாகும் உடல் எடை 8 கிராம். நாற்பது மடங்கு! அதற்குத் தேவை 15 கிராமுக்குக் கொஞ்சம் மேலான மாவுச்சத்தும், 4.7 கிராம் ஆக்சிஜனும். எனக்கு இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் இந்த நான்கு எண்களில் இருப்பதாகப் படுகிறது.

வில்லியனூரில் உள்ள ஒரு வீட்டுத் தொட்டிக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். 400 லிட்டரில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம். மொத்தம் 16 கிராம் நைட்ரேட், அதில் நைட்ரஜன் 3.6 கிராம். அதை முழுவதும் பாக்டீரியாவாக மாற்ற 50 கிராமுக்கு மேல் சர்க்கரை, 17 கிராம் ஆக்சிஜன். கிடைப்பது உலர் எடையில் 30 கிராம் அளவுக்குப் பாக்டீரியா. இப்போது அந்தத் தொட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம்தான் தாங்கும். 400 லிட்டருக்கு இரண்டரை கிராம். தேவையோ அதைப்போல ஏழு மடங்கு. காற்றிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் கரைந்துகொண்டே இருந்தால்தான் சமாளிக்க முடியும். ஐம்பது கிராம் சர்க்கரையை ஒரே மூச்சில் கொட்டியவர் மறுநாள் காலையில் பார்ப்பது கஞ்சித்தண்ணீர்போல வெளுத்த தொட்டியையும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும் மீன்களையும்தான்.

ஆகவேதான் இந்த வேலையைத் துளித்துளியாகச் செய்கிறார்கள். வோட்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிலிட்டரில் ஆரம்பம், சில நாள் கழித்து இரட்டிப்பு, பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுதல். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். தரையைத் தொட்டதும் அளவைப் பாதியாக்க வேண்டும். நம் 400 லிட்டர் தொட்டிக்கு முதல்நாள் அளவு அரை மில்லிலிட்டர்கூட வராது. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துதான் விட முடியும்.

வோட்காவுக்கும் வினிகருக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். 40 சதவீத வோட்கா 100 மில்லியில் சுமார் 16 கிராம் கார்பன் இருக்கிறது. 5 சதவீத வினிகர் 100 மில்லியில் 2 கிராம்தான். ஒரு மில்லி வோட்காவுக்கு எட்டு மில்லி வினிகர் ஈடு. புதுச்சேரியில் வோட்கா கிடைப்பது கஷ்டமில்லை என்றாலும் வீட்டில் வினிகரே நல்லது என்பது என் கருத்து. அளவில் சிறு பிசகு நேர்ந்தாலும் விளைவு எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அது அமிலம். விளக்கு எரியும் பகல் நேரத்தில், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் விட வேண்டும். சர்க்கரை மலிவு, ஆனால் அளப்பது சிரமம். தொட்டியோடு இணைந்த வடிகட்டுத் தொட்டியான சம்பில் வைக்கும் பயோபெல்லெட் என்ற பாலிமர் மணிகளும் உண்டு. பாக்டீரியா அந்த மணியையே மெல்லத் தின்னும். தினமும் அளந்து ஊற்றும் வேலை இல்லை. அவசரத்துக்கு அளவைக் குறைக்கவும் முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவுநீர் ஆலைகளில் நைட்ரேட்டை நீக்க மெத்தனால் பயன்படுகிறது. வாஷிங்டன் நகரின் ப்ளூ பிளெய்ன்ஸ் ஆலை அதற்குப் பெயர்போனது. அதைப் படித்துவிட்டு வீட்டில் மெத்தனாலோ, தொழிற்சாலை ஸ்பிரிட்டோ வாங்கி வைக்கவே கூடாது. 2023 மே மாதம் பக்கத்து மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

கார்பன் கொடுக்கும் இந்த முறை எங்கே தொடங்கியது என்று தேடினால் பவளத்தைவிட இறாலும் மீனும்தான் முன்னால் வருகின்றன. 1970களில் தாஹித்தித் தீவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தண்ணீரை மாற்றாமலே இறால் வளர்த்துப் பார்த்தார்கள். இஸ்ரேலின் யோராம் அவ்னிமெலெக் 1999இல் வெளியிட்ட கட்டுரைதான் விவசாயிக்குப் பயன்படும் கணக்கைத் தந்தது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 20 கிராம் மாவுச்சத்து. இன்னும் எளிதாகச் சொன்னால், 30 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வெல்லமோ மொலாசஸோ போட வேண்டும். பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி உலகில் இதே எண்ணத்தை 2004இல் ஜெர்மனியின் மிஹாயேல் முருட்செக்கும் யோர்க் கோக்கோட்டும் எத்தனால் சேர்க்கும் முறையாக எழுதினார்கள். அதன் பிறகே வோட்கா எல்லா நாட்டுத் தொட்டிகளுக்கும் போயிற்று.

ரீஃப் தொட்டியில் உண்டான பாக்டீரியாவை வெளியே எடுப்பது புரோட்டீன் ஸ்கிம்மர். அடியிலிருந்து பொடிக் குமிழிகள் ஏறும்போது கரிமப் பொருளும் பாக்டீரியாவும் அவற்றில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். உச்சியிலுள்ள கோப்பையில் பச்சையும் பழுப்புமாகத் துர்நாற்றத்தோடு நுரை வடியும். கார்பன் கொடுக்க ஆரம்பித்த சில வாரங்களில் அந்தக் கோப்பை வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்பினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஸ்கிம்மரைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கவும் கூடாது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் அளந்தபோது, தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 சதவீதத்தையே ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. ஆனால் 2011இல் அவர் குழு பாக்டீரியாவை எண்ணியபோது, ஸ்கிம்மர் ஓடும் ரீஃப் தொட்டித் தண்ணீரில் இருப்பது இயற்கையான பவளப்பாறைக் கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் கார்பன் ஊற்றுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். செத்த பாக்டீரியா அழுகி, இழுத்துக்கொண்ட நைட்ரஜனைத் திரும்பவும் தண்ணீருக்கே கொடுத்துவிடும்.

பவளத்துக்குக் கார்பன் நல்லதா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் கவலை தருகிறது. டேவிட் க்ளைனும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கரைந்த கரிமக் கார்பன் கூடியபோது பவளத்தின் மேலுள்ள சளியில் நுண்ணுயிர் பெருகிப் பவளங்கள் செத்தன. தொட்டியில் கொடுக்கும் அளவு சிறியது, ஸ்கிம்மர் பக்கத்திலேயே இருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். பாதி சரி. அவசரக்காரர் கையில் அந்தச் சமாதானம் நிற்காது.

இன்னொன்று, பாக்டீரியா நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சம அளவில் இழுப்பதில்லை. கடல் மிதவை உயிர்களின் உடம்பில் 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், ஒரு பாஸ்பரஸ் என்ற விகிதத்தை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் காட்டினார். பாக்டீரியாவும் நைட்ரஜனை அதிகமாகவும் பாஸ்பரஸைக் குறைவாகவும்தான் எடுக்கும். அதனால் தொட்டியில் பாஸ்பேட் முதலில் தீர்ந்துபோனால் எவ்வளவு வோட்கா ஊற்றினாலும் நைட்ரேட் இறங்காது. ஊற்றியதெல்லாம் வீண் கார்பனாகத் தேங்கும். மணலில் செந்நிறச் சயனோபாக்டீரியா படரும், டைனோஃபிளாஜெல்லேட் சளியாகத் தொங்கும். சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு 2013இல் சொன்னதும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் இல்லாமல் பட்டினி கிடக்கும் பவளம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சுலபமாக வெளுத்துப்போகிறது. நைட்ரேட் டெஸ்ட் கிட்டை மட்டும் வைத்துக்கொண்டு கார்பன் கொடுப்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். பாஸ்பேட் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதும் இலக்காக இருக்கக் கூடாது. கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நம் ஊருக்குக் கனமான விஷயம் மின்சாரம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது பாகூர்ப் பக்கத்து மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கிராமங்களில் விளக்கெரியப் பல நாள் ஆயிற்று. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி ஊர்களுக்குள் வந்தன. இந்த மாதிரி இரவில் கார்பன் கொடுத்த தொட்டிக்கு என்ன ஆகும்? கார்பன் கொடுக்காத தொட்டியில் மீனும் பவளமும் வழக்கமான பாக்டீரியாவும் மட்டுமே மூச்சுவிடும். கொடுத்த தொட்டியில் பசியோடு பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக் கூட்டமும் அதே இரண்டரை கிராம் ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். நின்றுபோன பம்பும் ஸ்கிம்மரும் காற்றைக் கலக்காது. கோடையில் அறை சூடாக இருந்தால் ஆக்சிஜன் இன்னும் குறையும். ஜெர்மனியில் 25 டிகிரியில் இருக்கும் தொட்டிக்கு எழுதிய அளவை வெயில் காலத்து வில்லியனூரில் அப்படியே பின்பற்றுவது சரியல்ல. புயல் எச்சரிக்கை வந்த அன்றே கார்பனை நிறுத்திவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டேனும் வைத்திருக்க வேண்டும். தீவனத்தையும் நிறுத்திவிடலாம், மீன் சில நாள் பட்டினி தாங்கும்.

குட்டையிலும் பயோஃப்ளாக் தொட்டியிலும் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாகிறது. பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்த பிறகு பயோஃப்ளாக் கிராமத்து இளைஞர்களுக்கு நன்றாகப் பழக்கமாகிவிட்டது. அந்தத் திட்டத்தில் சிறிய அலகு என்பது 4 மீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஏழு தொட்டிகள். அலகுக்கு அப்போது நிர்ணயித்த விலை 7.5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம். ஒரு தொட்டியில் 15,000 லிட்டர் நன்னீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 2 கிலோ தீவனம் போட்டால் அவ்னிமெலெக் கணக்கில் கிட்டத்தட்ட 930 கிராம் மாவுச்சத்து சேர்க்க வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்கு மட்டும் நாளொன்றுக்கு 220 கிராம் அளவுக்கு ஆக்சிஜன். தொட்டித் தண்ணீர் முழுவதிலும் கரைந்திருப்பதோ 110 கிராம் சொச்சம். மீன்கள் மூச்சுவிடுவது தனி. ஆகவே ஏரேட்டர் நின்றால் நாள்கணக்கில் காத்திருக்க முடியாது, மணிக்கணக்குத்தான். விளம்பரங்களில் ஏழு தொட்டியைக் காட்டுபவர்கள் ஜெனரேட்டரைக் காட்டுவதில்லை என்பது என் மனக்குறை.

இதன் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பயோஃப்ளாக்கில் பாக்டீரியாவை எடுக்க ஸ்கிம்மர் தேவையில்லை, இறாலும் திலாப்பியாவும் அதைத் தின்றுவிடும். இம்ஹாஃப் கோன் என்ற கூம்புக் குவளையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி இருபது நிமிடம் அசையாமல் வைத்தால் பழுப்புத் துகள்கள் அடியில் படியும். இறாலுக்கு லிட்டருக்கு 10, 15 மில்லிலிட்டர் படிந்தால் போதும். அதற்கு மேல் போனால் செவுளில் அடைக்கும், கீழே வண்டலாகச் சேர்ந்து அழுகும். அப்போது வண்டலை வெளியே எடுத்தே ஆக வேண்டும். தின்றதை மீறியது எங்கே போகிறது என்ற கேள்விதான் இங்கேயும் திரும்ப வருகிறது.

அந்த வண்டலில் உப்பு இருந்தால் பாகூர் வயல் தாங்காது. பாகூர் பகுதியைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. கடலோரத்துப் பக்கம் நிலத்தடி நீரில் ஏற்கெனவே உப்பு ஏறிவருகிறது. உப்புநீர் இறால் கழிவை வாய்க்காலில் விடுவது எத்தனை பெரிய பகையை மூட்டும் என்பதற்கு வழக்கே சாட்சி. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னால் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. தண்ணீரை மாற்றாமலே வளர்க்கலாம் என்ற பயோஃப்ளாக்கின் வாக்குறுதி இந்தப் பின்னணியில்தான் மதிப்புடையது. நன்னீர் பயோஃப்ளாக் வண்டல் தென்னைக்கும் காய்கறிக்கும் நல்ல உரம். உப்புநீர் வண்டலை வாய்க்காலுக்கும் ஊசுட்டேரிக்கும் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. வீட்டுத் தொட்டிக்காரர் மாற்றும் 80 லிட்டர் உப்புநீரும் கொல்லைக் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை.

கார்பனாக எதைப் போடலாம் என்பதில் நம் ஊருக்குக் கைவசம் நிறைய இருக்கிறது. வில்லியனூரை அடுத்த அரியூரிலும், லிங்காரெட்டிப்பாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இயங்கிய கரும்பு நாடு இது. வெல்லமும் மொலாசஸும் புதிய சரக்கல்ல. மொலாசஸ் வேகமாக வேலை செய்யும், தண்ணீரைக் கறுப்பாக்கும், வாளியில் சில நாள் விட்டால் பொங்கி நாறும். தவிடும் மரவள்ளி மாவும் மெதுவாகக் கரையும், அதனால் ஆக்சிஜன் திடீரென்று விழாது. அம்மோனியா ஏறியிருக்கும் நாளில் வெல்லம், வழக்கமான நாளில் தவிடு என்று பயன்படுத்துவது கையில் அகப்பட்டதைக் கொட்டுவதைவிட நிதானமான வழி. ரீஃப் தொட்டிக்கு இவை எதுவும் வேண்டாம். அவற்றில் பாஸ்பேட்டும் தெரியாத பொருள்களும் கலந்துவரும்.

பவளம் வைப்பதற்கு முன்னால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்போடு. கடல் விசிறிகளும் கடற்குதிரைகளும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்தே விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. அங்கிருந்து கள்ளத்தனமாக வந்த ஒரு துண்டுப் பாறையைக்கூட வீட்டில் வைக்கக் கூடாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. இப்படிப் பண்ணையில் பிறந்த மீன்களும் உலர்ந்த பீங்கான் பாறையும் கொண்டே தொட்டியைத் தொடங்கலாம்.

எனவே வீட்டுத் தொட்டிக்காரருக்கு என் பரிந்துரை: தீவனத்தைக் குறையுங்கள், மீனின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஸ்கிம்மர் வையுங்கள். இதற்குப் பிறகும் நைட்ரேட் இறங்காவிட்டால் வினிகரைத் துளித்துளியாகக் கொடுத்துப் பாருங்கள், பாஸ்பேட்டை வாரா வாரம் அளந்துகொண்டே. பயோஃப்ளாக்கில் இறங்கும் இளைஞர்களுக்கு ஏழு தொட்டியை நான்காகக் குறைத்து மீதிப் பணத்தில் ஜெனரேட்டரும் வண்டல் குழியும் அமைக்கச் சொல்வேன். புதுச்சேரி மீன்வளத் துறைக்கும் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோள்: பயோஃப்ளாக் மானிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது தொட்டிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, வண்டல் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாத விண்ணப்பத்துக்கு மானியம் கொடுக்காதீர்கள்.